மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்லர்

இங்கிலாந்தில் கருவுற்ற பெண்கள் மகப்பேற்றுத் தாதியை முதன்முறை சந்திக்கும்போது அவர்களிடம் ஒரு படிவம் தரப்படுகிறது. பிறக்கவிருக்கும் குழந்தையின் தாய், தந்தை இருவரது முன்னோரும் உலகின் எந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று அது கேட்கிறது. தெற்காசியா, ஆப்பிரிக்கா, கரிபியன் தீவுகள், மத்திய தரைக்கடல் நாடுகள் என்று பட்டியல் நீள்கிறது. குடிவரவு அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய நம்மவர்களில் சிலர், இதையும் அந்த வரிசையில் சேர்த்துச் சற்று ஐயத்துடனேயே நிரப்புகிறார்கள். ஆனால் இக்கேள்விக்கும் கடவுச்சீட்டுக்கும் தொடர்பில்லை. குருதியில் பரம்பரையாக வரும் சில மாற்றங்கள் எந்த நிலப்பகுதிகளில் மிகுதியாக உள்ளனவோ, அந்த நிலப்பகுதிகளின் பெயர்களே அப்பட்டியலில் உள்ளன.

படிவத்தோடு எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனையின் முடிவில் சிலருக்கு ஒரு கடிதம் வருகிறது. நீங்கள் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர், குழந்தையின் தந்தையும் பரிசோதனைக்கு வருவது நல்லது என்று அது தெரிவிக்கிறது. இக்கடிதம் வந்த வீடுகளில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் மருத்துவம் சார்ந்ததாக இருப்பதில்லை. 'இது யார் பக்கத்துக் குறை?' என்பதே அக்கேள்வி. தங்கைக்கு வரன் பார்க்கும் வேளையில் இது வெளியே தெரியலாமா என்பது அடுத்த கேள்வி. சுமப்பவர் என்ற சொல்லுக்கும் நோயாளி என்ற சொல்லுக்கும் இடையே உள்ள தூரம் விளங்காததால் வரும் கலக்கம் இது. அந்தத் தூரத்தை அறிய, உயிரணுவுக்குள் இருக்கும் இரண்டு பொருட்களைப் பற்றிய அடிப்படை அறிவு போதுமானது. ஒன்று குரோமோசோம், மற்றொன்று மரபணு.

பெயர்களும் எண்ணிக்கையும்

இலங்கையில் தமிழ் மொழி மூலம் படித்தவர்கள் இவற்றை நிறமூர்த்தம் என்றும் பரம்பரை அலகு என்றும் அறிவார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் குரோமோசோம், மரபணு ஆகிய சொற்கள் நிலைத்துவிட்டன. நிறமூர்த்தம் என்பது மூலச் சொல்லின் பொருளை மிகச் சரியாகத் தரும் பெயர் என்றே சொல்ல வேண்டும். உயிரணுக்களைச் சாயத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றின் உட்கருவில் இழை போன்ற சில உருவங்கள் மட்டும் சாயத்தை ஆழமாக ஏற்றுக்கொண்டன. அதனால் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டேயர் 1888ஆம் ஆண்டு அவற்றுக்கு நிறத்தை வைத்தே பெயரிட்டார்.

மனித உயிரணு ஒன்றில் இத்தகைய குரோமோசோம்கள் 46 உள்ளன. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பாடநூல்கள் அனைத்தும் 48 என்றே கற்பித்து வந்தன. 1920களில் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் எண்ணிச் சொன்ன தொகை அது. பின்னர் எண்ணியவர்களும் 48ஐயே கண்டார்கள். ஜாவாத் தீவில் பிறந்து, பின்னர் ஐரோப்பாவில் பணியாற்றிய ஜோ ஹின் ஜியோ என்ற ஆய்வாளர், 1955ஆம் ஆண்டின் இறுதியில் சுவீடனின் லுண்ட் நகர ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விரிந்து கிடக்கும் தெளிவான படங்களைப் பெற்றார். எண்ணிக்கை 46 மட்டுமே இருந்தது. ஆல்பர்ட் லெவானுடன் இணைந்து அவர் 1956இல் இதை வெளியிட்டார். எதிர்பார்த்த எண்ணைக் கண்ணும் எண்ணிவிடும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

எண்ணிக்கைக்கும் உயிரினத்தின் உயர்வு தாழ்வுக்கும் தொடர்பில்லை. நெல்லுக்கு 24, பசுவுக்கு 60, நாய்க்கு 78. மனிதனுக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சிக்கு 48. உருளைக்கிழங்குக்கும் அதே 48. ஒரு வகைப் பெரணிச் செடியில் 1260 குரோமோசோம்கள் எண்ணப்பட்டுள்ளன.

மனிதரின் 46உம் 23 இணைகளாக அமைந்தவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தது. கருமுட்டையிலும் விந்தணுவிலும் மட்டும் இணைக்கு ஒன்றாக 23 மட்டுமே இருக்கும். இரண்டும் சேரும்போது மீண்டும் 46 ஆகிறது. கடைசி இணை பாலினத்தைச் சார்ந்தது. பெண்ணுக்குப் பொதுவாக இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு ஒய். தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸ் ஒன்றையே தர இயலும் என்பதால், பிறப்பது ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணு எதைக் கொண்டு வருகிறது என்பதைப் பொறுத்தது. இது 1905ஆம் ஆண்டிலிருந்தே அறிவியலுக்குத் தெரியும். பெண் குழந்தை பெற்றதற்காக மருமகளைக் குறை சொல்லும் வீடுகளுக்கு இச்செய்தி இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை.

இரட்டைப் படியில் ஒரு பாடபேதம்

குரோமோசோம் என்பது டி.என்.ஏ. எனும் மிக நீண்ட இழை புரதங்களைச் சுற்றி இறுகச் சுருண்டு கிடக்கும் வடிவம். ஓர் உயிரணுவில் உள்ள 46 இழைகளையும் நீட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் வரும். அந்த இழையில் நான்கே நான்கு வேதிப்பொருட்கள் எழுத்துக்களைப் போல மாறி மாறி வருகின்றன. ஒருவரிடமிருந்து வந்த 23 குரோமோசோம்களில் மட்டும் இவ்வெழுத்துக்கள் சுமார் 300 கோடி. அவற்றுள் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான குறிப்பைத் தாங்கி நிற்கும் பகுதியையே மரபணு என்கிறோம். பெரும்பாலான மரபணுக்கள் ஒரு புரதத்தை எவ்வாறு கட்டுவது என்ற குறிப்பைத் தருகின்றன. மனிதரிடம் இவ்வகை மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. மொத்த எழுத்துக்களில் புரதத்துக்கான குறிப்புகளாக இருப்பவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. எஞ்சியவற்றில் சில, எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு ஏற்ற ஒப்புமை ஏட்டுச்சுவடி. 23 சுவடிகள் கொண்ட ஒரு நூற்றொகுதியின் இரண்டு படிகள் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கின்றன. ஒன்று தாய் வீட்டுப் படி, மற்றது தந்தை வீட்டுப் படி. ஏடு பெயர்த்து எழுதுவோரின் கைப்பிழையால் எழுத்து மாறுவதும் விடுபடுவதும் உண்டு. பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கிய உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் அவற்றைப் பாடபேதங்கள் என்று குறித்து வைத்தார்கள். மரபணுக்களிலும் பாடபேதங்கள் உண்டு. பெரும்பாலானவை பொருளை மாற்றுவதில்லை. சில மாற்றுகின்றன. ஒரு படியில் ஓர் இடம் சிதைந்திருந்தாலும், மற்றப் படியில் அதே இடம் செம்மையாக இருக்குமானால் பல வேளைகளில் வேலை தடையின்றி நடந்துவிடுகிறது. சுமப்பவர் என்று மருத்துவர் சொல்வது இந்த நிலையைத்தான்.

பதினோராவது குரோமோசோமில் ஓரிடம்

இரத்தத்தின் சிவப்பணுக்களை நிறைத்திருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம், நுரையீரலிலிருந்து உயிர்வளியை உடலெங்கும் எடுத்துச் செல்கிறது. அது நான்கு இழைகளால் ஆனது. ஆல்பா வகையில் இரண்டு, பீட்டா வகையில் இரண்டு. ஆல்பா இழைக்கான மரபணுக்கள் 16ஆவது குரோமோசோமிலும் பீட்டா இழைக்கான மரபணு 11ஆவது குரோமோசோமிலும் உள்ளன. பீட்டா மரபணு மிகச் சிறியது. ஏறத்தாழ 1,600 எழுத்துக்கள் மட்டுமே.

இந்தச் சிறு பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறினால் என்ன நேரும் என்பதற்குச் சான்று அரிவாள் செல் நோய். பீட்டா இழை 146 அமினோ அமிலங்கள் கோத்த சரம். அதில் ஆறாவது மணி மட்டும் வேறாகிவிடுகிறது. உயிர்வளி குறையும்போது இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைப்பதால் தாங்க முடியாத வலி உண்டாகிறது, உள்ளுறுப்புகள் கெடுகின்றன. இது ஒரு மூலக்கூற்றின் நோய் என்று லைனஸ் பாலிங்கும் அவரது சகாக்களும் 1949இல் காட்டினார்கள். மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம் என்பதை, நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தஞ்சம் வந்த குடும்பத்தைச் சேர்ந்த வெர்னன் இங்கிராம் கேம்பிரிட்ஜில் 1950களின் நடுப்பகுதியில் கண்டறிந்தார்.

பீட்டா தலசீமியா இதிலிருந்து வேறுபட்டது. அங்கே இழை உருமாறுவதில்லை. போதிய அளவில் உற்பத்தியாவதில்லை, அல்லது அறவே உற்பத்தியாவதில்லை. இதே மரபணுவில் நேரும் முந்நூறுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இதற்குக் காரணமாக இருப்பது தெரியவந்துள்ளது. ஒரு படியில் மட்டும் மாற்றம் உள்ளவருக்குச் சிவப்பணுக்கள் சற்றுச் சிறியவையாக இருக்கும், அவ்வளவுதான். அவர் ஓடலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம். இந்நிலை பிற்காலத்தில் நோயாக முற்றுவதில்லை. ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. சிறிய சிவப்பணுக்களைக் கண்டதும் இரும்புச்சத்துக் குறைவு என்று கருதி, தேவையில்லாமல் இரும்பு மாத்திரை கொடுத்துவிடுவது நேர்கிறது. இரத்தத்தில் இரும்பின் அளவையும் ஹீமோகுளோபின் வகைகளையும் தனித்தனியே பார்த்தால் இக்குழப்பம் நீங்கிவிடும்.

கணவன், மனைவி இருவருமே சுமப்பவராக இருக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு கருவுறுதலிலும், இரண்டு மாறிய படிகளும் குழந்தைக்குச் சேர்வதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. குழந்தை பெற்றோரைப் போலவே சுமப்பவராக இருப்பதற்கு நான்கில் இரண்டு. இரண்டும் செம்மையான படிகளாக அமைவதற்கு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, எனவே அடுத்த மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று சிலர் கணக்குப் போடுவதுண்டு. அது தவறான கணக்கு. நாணயத்தைச் சுண்டும்போது முன்பு விழுந்த பக்கம் அதற்கு நினைவிருப்பதில்லை.

கடுமையான தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தை பிறந்தவுடன் நோயுற்றதாகத் தெரியாது. காரணம், கருவில் இருக்கும் காலத்துக்கென வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்து சில மாதங்களில்தான் அது ஓய்ந்து பீட்டா இழை பொறுப்பேற்கிறது. அதன் பிறகு குழந்தை வெளிறத் தொடங்கும். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். அவ்வாறு ஏற்றும் இரத்தத்திலுள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படிந்து உயிரைப் பறிக்கும் என்பதால், அதை அகற்ற மருந்தும் வேண்டும். விழுங்கும் மருந்துகள் பரவலாகும் வரை, வாரத்தில் ஐந்தாறு இரவுகள், எட்டு மணி நேரத்துக்கும் மேலாக, தோலுக்கடியில் செருகிய ஊசி வழியே அந்த மருந்தைச் செலுத்தியபடியே பிள்ளைகள் உறங்கினார்கள்.

இவ்வளவு துன்பம் தரும் மாற்றம் தலைமுறை தலைமுறையாக ஏன் அழியாமல் நிற்கிறது? மலேரியா பரவியிருந்த நாடுகளில் சுமப்பவருக்கு அக்காய்ச்சலிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்திருக்கலாம் என்று 1940களின் இறுதியில் ஜே. பி. எஸ். ஹால்டேன் கருத்துரைத்தார். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரத்தில் மறைந்தவர் அவர். அரிவாள் செல்லைப் பொறுத்தவரை இது உண்மையே என்பதை 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த அந்தோனி அலிசன் காட்டினார். ஒரே படியாக இருக்கையில் காத்த மாற்றமே இரட்டையாகும்போது கொல்கிறது. நல்ல மரபணு, கெட்ட மரபணு என்ற பேச்சு இங்கே பொருளிழந்துவிடுகிறது. கொசு இல்லாத குளிர்நாட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பால் பயனில்லை. மாற்றம் மட்டும் உடன் வந்திருக்கிறது.

ஒரே அறிவு, வெவ்வேறு விளைவுகள்

கிரேக்க நாட்டின் ஒர்கோமெனோஸ் என்ற ஊரில் அரிவாள் செல் மரபணுவைச் சுமப்பவர்கள் பலர். ஊராரைப் பரிசோதித்து, யார் சுமப்பவர் என்று அவர்களுக்கே சொல்லிவிட்டால், இரு சுமப்பவர்கள் மணந்துகொள்வதைத் தவிர்ப்பார்கள் என்று ஆய்வாளர்கள் நம்பினார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று பார்த்தபோது, மணச் சந்தையில் சுமப்பவர்களுக்கு மதிப்புக் குறைந்திருந்தது. சிலர் தமது பரிசோதனை முடிவை மறைத்தே திருமணம் செய்திருந்தார்கள். இரு சுமப்பவர்களின் திருமணங்கள், பரிசோதனையே நடக்காதிருந்தால் எத்தனை நடந்திருக்குமோ அந்த அளவிலேயே நடந்திருந்தன. 1974இல் வெளியான இந்த அனுபவத்தைப் படிக்கும் தமிழர் எவருக்கும் அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது.

அதே காலத்தில் அமெரிக்காவில் பல மாநிலங்கள் கறுப்பினத்தவர்களைக் குறிவைத்துக் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்களை இயற்றின. அவற்றில் சில, சுமப்பவரையும் நோயாளியையும் வேறுபடுத்தக்கூடத் தெரியாமல் எழுதப்பட்டவை. நலமாக இருந்தவர்கள் வேலையிலும் காப்புறுதியிலும் பாகுபாட்டைச் சந்தித்தார்கள். அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை சுமப்பவர்களைச் சேர்க்க மறுத்தது. அறிவியல் ஒன்று சொல்ல, அதிகாரம் வேறொன்றைக் கேட்டுக்கொண்டது.

சைப்பிரஸின் வரலாறு வேறு. அத்தீவில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர். நோயுற்ற எல்லாப் பிள்ளைகளும் சிகிச்சையால் நெடுங்காலம் வாழத் தொடங்கினால், தேவைப்படும் இரத்தத்துக்கும் மருந்துக்கும் ஒரு சிறு நாடு எங்கே போகும் என்ற அச்சம் 1970களில் அரசைப் பற்றிக்கொண்டது. நோயாளிகளின் பெற்றோரே முன்னின்று மக்களிடம் பேசினார்கள். 1983 முதல் கிரேக்க மரபுத் திருச்சபை, திருமணத்துக்கு முன் பரிசோதனை செய்துகொண்டதற்கான சான்றிதழைக் கோரியது. முடிவு என்ன என்பதை அச்சான்றிதழ் சொல்லாது. பரிசோதித்து ஆலோசனை பெற்றார்கள் என்று மட்டுமே சொல்லும். இந்த ஒரு நுணுக்கத்தில்தான் வெற்றி அடங்கியிருந்தது என்பேன். ஏழில் ஒருவர் சுமப்பவராக இருக்கும் நாட்டில் யாரும் யாரையும் ஒதுக்க இயலாது என்பதும் துணை நின்றது. இருவரும் சுமப்பவர் என்று தெரிந்த பின்னரும் பெரும்பாலான இணையர் திருமணத்தை நிறுத்தவில்லை. கருவைப் பரிசோதித்து அடுத்த முடிவை எடுத்தார்கள். புதிதாக நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே பூச்சியத்தை நெருங்கியது. அந்த முடிவு பெரும்பாலும் கருக்கலைப்பாக இருந்தது என்பதையும், அதில் உள்ள அறக்கேள்வி இன்றும் தீரவில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாகப் பதிவானது 1952இல், நீலகிரியின் பழங்குடி மக்களிடையே. 2047ஆம் ஆண்டுக்குள் அந்நோயை ஒழிப்பது என்ற இலக்குடன் இந்திய அரசு 2023 ஜூலையில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடி மாவட்டங்களில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து, அவரவர் மரபணு நிலையைக் குறிக்கும் அட்டைகளை வழங்குவது அதன் வழிமுறை. அந்த அட்டை சைப்பிரஸின் சான்றிதழைப் போல இயங்குமா, ஒர்கோமெனோஸின் இரகசியத்தைப் போல ஆகுமா என்பதை ஆய்வுக்கூடம் தீர்மானிக்கப் போவதில்லை. இலங்கையில் தலசீமியா நோயாளர்களுக்கான தேசிய நிலையம் குருநாகலில் இயங்குகிறது. அந்த மாவட்டத்தில் நோயாளர்கள் அதிகம்.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு பங்கு உண்டு. இந்திய மக்களில் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்கள் சராசரியாக நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேர். ஆனால் ஒருவர் சுமப்பவர் என்றால், அவரது உடன்பிறந்தவரும் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அக்காள் மகளுக்கு நான்கில் ஒன்று. மாமன் மகளுக்கோ அத்தை மகளுக்கோ எட்டில் ஒன்று. தாய்மாமனையும் முறைப்பெண்ணையும் மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில், வெளியே பெண் எடுப்பதைவிட இந்த வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. இதைச் சொன்னதும் உறவுமுறைத் திருமணத்தையே பழிக்கிறார்கள் என்று சிலர் சினம் கொள்கிறார்கள். சினத்துக்கு இடமில்லை. இருவரில் ஒருவர் சுமப்பவர் அல்லர் என்று ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிட்டால், இந்நோயைப் பொறுத்தவரை மாமன் மகளும் அயலூர்ப் பெண்ணும் ஒன்றே. பத்துப் பொருத்தம் பார்க்க ஆகும் நேரத்தை விடவும் இதற்குக் குறைவாகவே ஆகும்.

2023 நவம்பரில் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, மரபணுவைத் திருத்தும் சிகிச்சை ஒன்றை உலகிலேயே முதன்முதலாக இவ்விரு நோய்களுக்கும் அனுமதித்தது. 'காஸ்ஜெவி' என்பது அதன் பெயர். பலரும் எண்ணுவதைப் போல அது பழுதான பீட்டா மரபணுவைச் சரிசெய்வதில்லை. கருக்கால ஹீமோகுளோபினைப் பிறந்த பின் ஓயச் செய்யும் கட்டளை, இரண்டாவது குரோமோசோமில் உள்ள வேறொரு மரபணுவிலிருந்து வருகிறது. நோயாளியின் இரத்த மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, அந்தக் கட்டளை அங்கே இயங்காதவாறு வெட்டிவிட்டு, கடுமையான வேதிச் சிகிச்சைக்குப் பின் அவற்றை உடலுக்குத் திருப்பித் தருகிறார்கள். ஓய்ந்திருந்த கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகி, பீட்டா இழையின் குறையை ஈடுசெய்கிறது. பிரித்தானியாவில் இதற்கு அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்குப் பதினாறரை இலட்சம் பவுண்டுகள். 2024இல் தலசீமியாவுக்கும் 2025இல் அரிவாள் செல் நோய்க்கும், குறிப்பிட்ட நோயாளிகளுக்கு இதை வழங்க இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை இசைந்தது.

திருத்தப்படுவது எலும்பு மச்சையிலுள்ள இரத்த மூல உயிரணுக்கள் மட்டுமே. கருமுட்டையும் விந்தணுவும் முன்பிருந்தபடியே இருக்கின்றன. எனவே இச்சிகிச்சையால் நலம்பெற்ற ஒருவருக்குப் பிறக்கும் பிள்ளைகள் அனைவரும் அந்த மரபணுவின் மாறிய படி ஒன்றைப் பெற்றே பிறப்பார்கள். அவருடைய துணைவருக்கு மாறிய படி இல்லையெனில், அப்பிள்ளைகள் சுமப்பவர்கள் மட்டுமே.